ஒன்பது பொத்தான்கள்

ஜூன் 9

மதிப்பிற்குரிய தம்பி அவர்களுக்கு,

அண்ணி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. தங்களுடைய மே பதினெட்டாம் தேதியிட்ட கடிதத்துக்கு இருபத்திரண்டு நாள் கழித்துப் பதில் எழுத நேர்ந்ததற்கு முதற்கண் மன்னிப்பைக் கோருகிறேன். தாமதம் அலட்சியத்தால் நேர்ந்ததன்று. மூன்று முறை எழுதிக் கிழித்தேன். தாங்கள் கேட்டிருப்பது சிறிய காரியம் அல்ல.

போனில் பேசித் தீர்க்கலாமே என்று எழுதியிருந்தீர்கள். இருபது ஆண்டுகள் தட்டச்சு நிலையத்தில் அமர்ந்து அயலாருக்கெல்லாம் விண்ணப்பம் அடித்துக் கொடுத்தவள் நான். எழுத்தில் வராததைச் சொன்னதாகவே கொள்ள எனக்குப் பழக்கமில்லை. மேலும், போனில் அழுதால் தெரிந்துவிடும்.

பேச்சிழந்த எல்லோருக்கும் பயன்படும்படி டேப்லெட்டுக்கு நான் எழுதிய கணினி நிரலைத் தங்கள் நிறுவனம் எடுத்துச் செய்ய விரும்புவதாகக் குறிப்பிட்டிருந்தீர்கள். அது உருவான விதத்தைத் தங்கள் சகாக்களுக்கு வாசித்துக் காட்ட வசதியாக இங்கே எழுதிவைக்கிறேன்.

பக்கவாதத்துக்குப் பிறகு உங்கள் அண்ணனுக்கு வலது பக்கம் முழுவதும் போயிற்று; குரல் போயிற்று; எழுத்தும் போயிற்று. படம் காட்டிக் கேட்டுப் பார்த்தார்கள். தண்ணீர்க் குவளையின் படத்தைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், இரண்டுக்கும் தொடர்பே இல்லாததுபோல. ஆறாவது மாதம் ஒருநாள் மருத்துவமனை மின்தூக்கியில் அவரை நாற்காலியோடு ஏற்றினேன். நான் பையைச் சரி செய்துகொண்டிருந்த வேளையில் அவருடைய இடது கை தானாக நீண்டு நான்காம் எண்ணை அழுத்தியது. எங்களுக்குரிய சிகிச்சை அறை நான்காவது தளத்தில்தான் இருந்தது. யாரும் அவரிடம் சொல்லவில்லை.

இருபத்தாறு வருடம் மின்தூக்கிப் பழுது பார்த்த கை அது. (மின்தூக்கி என்று நான் சொன்னால், "அப்படிக் கேட்டா ஸ்பேர் பார்ட்ஸ் கடையில ஒருத்தனும் தர மாட்டான் டைப்பு" என்று சிரிப்பார்; டைப்பு, அவர் எனக்கு வைத்த பெயர்.) அன்று மாலையே பழைய புத்தகக் கடையில் வாங்கிய நிரலாக்க நூல்களை மறுபடி இறக்கினேன். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஐந்து மாதம் எழுதினேன். டேப்லெட்டின் திரையில் மின்தூக்கியின் பலகை போலவே ஒற்றை வரிசையில் ஒன்பது வட்டப் பொத்தான்கள். எல்லாவற்றுக்கும் அடியில் சிவப்பு மணி: "வலிக்குது." அதற்கு மேல் கீழ்த்தளம், அது எதற்கு என்று நான் விளக்க வேண்டியதில்லை. ஒன்று தண்ணீர், இரண்டு சாப்பாடு, மூன்று படுக்கை, நான்கு வெளியே போகணும். ஐந்தை அழுத்தினால் "டைப்பு" என்று அழைக்கும். ஆறு, "என்னைக் கொஞ்சம் சும்மா விடு". அதைத்தான் அதிகம் அழுத்துகிறார். ஏழு தாங்கள். தாங்கள் முதன்முதலில் குடியேறிய ஏழாவது மாடியின் மின்தூக்கி மாதம் மூன்று முறை நின்றுபோக, அவர் ஒவ்வொரு முறையும் வந்து சரிசெய்த நாட்களின் நினைவாக. "என்னண்ணா, லிப்ட் மறுபடி நின்னுடுச்சா?" என்று தாங்கள் பேசி அனுப்பிய அந்தக் குரல் ஒலிக்கும்போது அவருடைய முகத்தின் ஒரு பாதி சிரிக்கும். மற்றப் பொத்தான்கள் யாவும் என் குரல்.

நான் அலுவலகம் செல்லும் பகல் நேரங்களில் அவரைப் பராமரிப்பு இல்லத்தில் விடுகிறேன். அங்கே அந்தப் பலகைதான் அவருடைய வாய்.

இவ்வளவையும் அறிந்து நடந்துகொள்வீர்கள் என்ற நம்பிக்கையோடு என் சம்மதத்தை இத்துடன் தெரிவிக்கிறேன். நிரல் முழுவதையும் தனியே அனுப்பியுள்ளேன். தாங்கள் அழைத்த கூட்டத்துக்கும் வருவேன்.

இங்ஙனம்,
அண்ணி


ஜூலை 11

அன்புள்ள அண்ணிக்கு,

கூட்டத்துக்கு வந்ததற்கு நன்றி. நீங்கள் கிளம்பிய பிறகு எங்கள் டீம் தலைவர், "யாருய்யா இவங்க, பேசினா கல்வெட்டு மாதிரி இருக்கு" என்றார். கிண்டல் இல்லை, அசந்துபோய்ச் சொன்னது. நீங்கள் சொன்ன "பொதுமையே நிரலின் நாகரிகம்" என்ற வரியை வெள்ளைப் பலகையில் எழுதி வைத்திருக்கிறோம். துடைக்கக் கூடாது என்று பக்கத்தில் ஒரு குறிப்பு வேறு.

ஏன் பொதுத் திரைக்குப் போகிறோம் என்று கூட்டத்தில் காட்டியதுதான். அந்த இல்லத்தில் மட்டும் பேச்சிழந்தவர்கள் நாற்பது பேர். ஒருவர் டீச்சர், ஒருவர் சமையல்காரர், ஒருவர் லாரி ஓட்டியவர். ஆளுக்கொரு திரை எழுத நாங்கள் நாற்பது அண்ணிகளுக்கு எங்கே போவது? எழுதினாலும் நாளைக்கு ஒரு பிழை வந்தால் நாற்பது இடத்தில் திருத்த வேண்டும். வாழ்க்கையில் லிப்டையே பார்க்காதவர் அந்தப் பலகையை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? அதனால் எல்லோருக்கும் ஒரே மாதிரி படக் கட்டங்கள். சாப்பாடு, தண்ணீர், வலி எல்லாம் மேல் வரிசையில். மூடும் பொத்தான் மட்டும் கீழே, சிவப்பில். உலகத்தில் பாதி செயலிகளில் அங்கேதான் இருக்கிறது. கூட்டத்தில் "வேற ஏதாவது சொல்லணுமா மேடம்" என்று கேட்டார்கள், நீங்கள் ஒன்றும் இல்லை என்றீர்கள். அப்படியே முடித்துவிட்டோம்.

ஆகஸ்ட் ஒன்றாம் தேதி எல்லா டேப்லெட்டிலும் தானாகவே மாறிவிடும், அண்ணனுடையதிலும். அவருக்கு மட்டும் பழையதை விட்டுவைக்கலாமா என்று கேட்டுப் பார்த்தேன். இரண்டு வடிவத்தைப் பராமரிக்க முடியாது என்கிறார்கள். அவர்கள் சொல்வதும் நியாயம்தான். கொஞ்ச நாளில் பழகிவிடுவார். நான் மாறி மாறிக் குடியிருந்த ஆறு வீட்டுக்கும் வாட்ச்மேன் வேலை பார்க்கப் பழகிக்கொண்ட மனுஷன் அவர். (வீட்டை நான் காலி செய்யும்போதெல்லாம் சாவியை அவரிடம் கொடுத்துவிட்டு ஓடினேன் இல்லையா, அதைச் சொல்கிறேன்.)

அடுத்த மாதம் நேரில் வருகிறேன்.

வாலு


ஆகஸ்ட் 12

மதிப்பிற்குரிய தம்பிக்கு,

நலம். தங்கள் நலமறிய ஆவல். தங்களுக்குள்ள வேலைப் பளுவை அறிந்தும் தொந்தரவு செய்வதற்கு வருந்துகிறேன்.

புதிய திரை வந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. நியாயத்தை முதலில் எழுதிவிடுகிறேன். உங்கள் அண்ணனுக்குப் பக்கத்துக் கட்டிலில் இருக்கும் டீச்சர் அம்மாள் நான்காம் நாளே அதில் ஜன்னல் படத்தைத் தொட்டார். ஜன்னலைத் திறந்துவிட்டார்கள். எட்டு மாதத்தில் அவர் கேட்டுக் கிடைத்த முதல் பொருள் அந்தக் காற்றுதான். அவருடைய மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க ஆரம்பிச்சதுதானாமே" என்று அழுதாள். நான் ஆமாம் என்றேன்.

உங்கள் அண்ணன் எதையும் கேட்பதில்லை. திரையைத் திறந்து வைத்தால் மூடிவிடுகிறார். மூடிவிட்டு என் முகத்தைப் பார்க்கிறார். மறுபடி திறந்தால் மறுபடி அதே. வீட்டிலும் அப்படித்தான். அவருடைய பலகையை நான் எடுத்துக் கொடுத்துவிட்ட கோபம் என்றே புரிந்துகொண்டேன். அந்தக் கோபத்துக்கு நான் தகுதியானவள் என்றும் எண்ணுகிறேன்.

இல்லத்தில் பணிபுரியும் பெண்மணியிடம் விசாரித்தேன். "சார் நல்லாத்தாம்மா இருக்கார். பேசத்தான் இஷ்டமில்லை போல" என்கிறாள். தினக் குறிப்பிலும் அவ்வாறே எழுதுகிறாள்: பேச விருப்பமில்லை. முன்பு "சும்மா விடு" என்று ஒரு நாளைக்குப் பத்து முறை அலறிக்கொண்டிருந்த மனிதருக்கு.

சாப்பாடும் குறைந்துவிட்டது. இரண்டு கவளத்துக்கு மேல் இறங்குவதில்லை.

பழைய பலகையை அவர் ஒருவருக்கு மட்டுமேனும் திருப்பித் தர ஆவன செய்ய வேண்டுகிறேன். என்னிடம் இருந்த பிரதி, தங்கள் ஆட்கள் என் கணினியில் புதியதை நிறுவியபோது அழிந்துபோயிற்று. டேப்லெட்டும் பூட்டப்பட்டிருக்கிறது; என் நிரலுக்குள் நானே நுழைய முடியவில்லை.

இங்ஙனம்,
அண்ணி


ஆகஸ்ட் 16

அன்புள்ள அண்ணிக்கு,

கவலைப்படாதீர்கள். அண்ணனின் பயன்பாட்டுப் பதிவை எடுத்துப் பார்த்தேன். ஒரு நாளைக்குச் சராசரியாக இருபது முறை செயலியைத் திறந்து மூடியிருக்கிறார். இல்லத்திலேயே அதிகம் தொடுபவர் அவர்தான். எங்கள் அறிக்கையில் அதைப் பழகும் கட்டம் என்று போட்டிருக்கிறோம். கோபமெல்லாம் இல்லை, விளையாடிப் பார்க்கிறார் மனுஷன். புது மோட்டார் வந்தால் முதல் வேலையாகக் கழற்றிப் பார்ப்பாரே, அந்தப் புத்தி.

பழைய வடிவத்தை எடுத்துத் தர விதி இடம் கொடுக்காது. ஒரு மாதம் பொறுத்துப் பார்ப்போம். நானும் இந்த மாதம் வர முடியவில்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

வாலு


ஆகஸ்ட் 23

தம்பிக்கு,

உங்கள் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்து வாசலில் கிடந்திருக்கிறது. மருத்துவமனையிலிருந்து மாற்றுத்துணி எடுக்க வந்தபோது இன்றுதான் பிரித்தேன்.

அண்ணனுக்குப் பித்தப்பை வெடித்துவிட்டது. செவ்வாய்க்கிழமை மாலை நான் அழைத்துவரப் போனபோது நாற்காலியிலேயே குளிர்ந்து கிடந்தார். அன்றே வயிற்றைத் திறந்தார்கள். உள்ளே சீழ் பரவியிருக்கிறது. கல் பல வாரமாக இருந்திருக்க வேண்டும் என்கிறார் மருத்துவர். "இவ்வளவு நாள் வலியை எப்படித் தாங்கினார்? ஒரு தடவைகூடச் சொல்லலையா?" என்று என்னைக் கேட்டார்.

உங்கள் கடிதத்தில் இருபது முறை என்ற எண்ணைப் பார்த்ததும் நேராக இல்லத்துக்குப் போய், செவ்வாய்க்கிழமைப் பதிவை அச்செடுத்துத் தரும்படி கேட்டேன். தயங்கினார்கள். தரும்வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. அதை அப்படியே எழுதுகிறேன், வாசியுங்கள்.

10.12 பயனர் செயலியை மூடினார். 10.12 பணியாளர் திறந்தார். 10.13 பயனர் மூடினார். 10.40 பணியாளர் திறந்தார். 10.40 பயனர் மூடினார். 11.05 திறந்தார். 11.05 மூடினார். சாப்பாட்டுக்குப் பிறகு 1.20, 1.21, 1.21, 1.22. நான்கு மணி வரை மொத்தம் முப்பத்தொரு முறை. நான்கு மணிக்குப் பிறகு பணியாளர் திறக்கவில்லை. அவருக்குத் தொந்தரவாக இருக்கிறது என்று நினைத்து டேப்லெட்டை அலமாரியில் வைத்துவிட்டாள். அவள் மேல் எனக்குக் கோபமில்லை. திரை என்ன சொன்னதோ அதைத்தான் அவள் நம்பினாள்.

அவர் மூடவில்லை தம்பி. அடியில் இருக்கும் சிவப்பை அழுத்தினார். மின்தூக்கியில் அபாய மணி இருக்கும் இடத்தை. என் பலகையில் "வலிக்குது" என்று நான் கத்திய இடத்தை. முப்பத்தொரு முறை "வலிக்குது" என்று சொன்ன மனிதரைப் பற்றிப் பேச விருப்பமில்லை என்று எழுதிவைத்தார்கள், நாம் அதைப் பழகும் கட்டம் என்றோம்.

இப்போது கண்ணைத் திறக்கிறார், ஆனால் எதையும் தொட மறுக்கிறார். இடது கையை மூடி வைத்திருக்கிறார். விரல்களைப் பிரிக்கவே விடுவதில்லை. எங்கே வலிக்கிறது, புது வலியா பழைய வலியா என்று அவர் காட்டினால்தான் அடுத்து எந்தப் பக்கம் திறப்பது என்று முடிவு செய்ய முடியும் என்கிறார் மருத்துவர். எனக்கு அந்தப் பழைய பலகை வேண்டும். விதியை மீறியாவது அனுப்புங்கள். காலில் விழச் சொன்னால் விழுகிறேன். இதைவிடத் திருத்தமான சொற்கள் எனக்கு வரவில்லை.

அண்ணி


ஆகஸ்ட் 28

தம்பிக்கு,

ஐந்து நாளாயிற்று. பதில் இல்லை. போனையும் எடுப்பதில்லை. அழைப்பு முழுதாக ஒலித்து அடங்குகிறது, நீங்கள் அதைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். பதிவில் நான் கண்டதை நீங்களும் கண்டிருப்பீர்கள். அந்தச் சிவப்பை அங்கே வைத்தது நீங்கள் என்று நினைத்து முடங்கிப் போயிருப்பீர்கள்.

ஆகையால் ஒன்றை எழுதியாக வேண்டும். எழுத்தில் வராதது சொன்னதாகாது என்று நான்தானே சொன்னேன்.

அந்தக் கூட்டத்தில் உங்கள் தலைவர் என்னிடம், "மேடம், நீங்க எங்க படிச்சீங்க?" என்று கேட்டார். சொந்த முயற்சி என்றேன். அறையில் யாரும் தவறாக எதுவும் பேசவில்லை. ஆனால் இரண்டு விநாடி அமைதி. அந்த அமைதியை என் வாழ்நாள் முழுவதும் நான் அறிவேன். தட்டச்சு நிலையத்துக்கு வந்தவர்களெல்லாம் என் தமிழைக் கேட்டுவிட்டு, பிறகு என் படிப்பைக் கேட்டுவிட்டு, அதே இரண்டு விநாடி எடுத்துக்கொள்வார்கள். அப்புறம் திரையில் உங்கள் படக் கட்டங்கள் வந்தன. அடியில் சிவப்பு வட்டம். நான் பார்த்தேன் தம்பி. பார்த்த கணத்திலேயே, உங்கள் அண்ணன் அதை மணி என்று அழுத்துவாரே என்று நினைத்தேன், தெளிவாக, சொல் சொல்லாக நினைத்தேன்.

"வேற ஏதாவது சொல்லணுமா மேடம்?"

சொன்னால், இந்த அம்மாள் நிரல் எழுதியவள் அல்ல, புருஷனுக்காகப் பொத்தான் இடம் கேட்டு வந்தவள் என்று நினைத்துவிடுவார்கள் என்று பயந்தேன். அந்த ஒரு மணி நேரம் மட்டும் நான் அவர்களில் ஒருத்தியாக இருக்க விரும்பினேன். அதனால்தான் பொதுமையே நிரலின் நாகரிகம் என்றேன். நீங்கள் எல்லோரும் மேசையைத் தட்டினீர்கள். அந்த ஓசைக்கு நான் கொடுத்த விலை அங்கே கட்டிலில் கிடக்கிறது.

வீட்டில் அவர் சிவப்பை அழுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாரே, அப்போதாவது எனக்குப் புரிந்திருக்க வேண்டும். புரியாமல் இருக்க ஒரு காரணம் வைத்துக்கொண்டேன்: கோபம். புரிந்துவிட்டால் நான் கூட்டத்தில் வாய் மூடியிருந்தது வெளியே வந்துவிடும். நான் மறைத்தது அவ்வளவுதான்.

பொதுத் திரை தவறு என்று நான் எழுதவில்லை. டீச்சர் அம்மாள் நேற்றும் ஜன்னல் கேட்டாராம். தவறு, நாற்பது பேருக்கான திரையில் ஒரே ஒரு ஆளுக்குத் தெரிந்திருந்த ஒரு விஷயத்தை அந்த ஆள் சொல்லாமல் விட்டது.

உங்களிடமிருந்து எதுவும் வராததால் மருந்து வந்த அட்டைப் பெட்டியைக் கிழித்து ஒன்பது வட்டம் வரைந்தேன். அடி வட்டத்துக்கு உதட்டுச் சாயம் பூசினேன். செவிலி, "என்னம்மா இது, தாயக்கட்டமா?" என்றாள். அவருடைய மூடிய கைக்குக் கீழே வைத்தேன். காலையில் வைத்தது, மாலை வரை ஒன்றுமில்லை. ஐந்தரைக்கு ஒரு விரல் பிரிந்தது. சிவப்பின் மேல் வைத்தார். "வலிக்குது" என்று நானே வாயால் கத்தினேன். வார்டு முழுவதும் திரும்பிப் பார்த்தது. மருத்துவர் ஓடிவந்து ஒவ்வொரு இடமாகத் தொட, வலது விலாவுக்குக் கீழே தொட்டபோது மறுபடி சிவப்பு. மறுபடி கத்தினேன்.

அங்கே புதிதாகச் சீழ் கட்டியிருக்கிறது.

அண்ணி


செப்டம்பர் 1

வாலு,

நேற்று மாலை பலகை வந்து சேர்ந்தது. நிரல் மட்டும். கூட ஒரு வரி எழுத்து இல்லை, யார் அனுப்பியது என்றும் இல்லை. நீ விதியை மீறியிருக்கிறாய் என்று புரிந்துகொண்டேன். வேலைக்கு என்ன ஆகும் என்று நான் கேட்கப்போவதில்லை. கேட்டால் நீ ஜோக் அடிப்பாய்.

டேப்லெட்டின் பூட்டும் திறந்திருந்தது; உடனே ஏற்றிவிட்டேன். பொத்தான்கள் எல்லாம் இருந்த இடத்தில் இருக்கின்றன. குரல்கள்தான் இல்லை. பொது வடிவத்துக்கு மாற்றியபோது தனியாள் குரலென்று எல்லாவற்றையும் நீக்கியிருக்கிறார்கள். என் எட்டையும் மருத்துவமனைப் படிக்கட்டில் உட்கார்ந்து மறுபடி பேசிப் பதிந்தேன். "வலிக்குது" மட்டும் நான்கு முறை தவறியது.

வியாழக்கிழமை காலை மறுபடி திறக்கிறார்கள். இந்த முறை எப்படி ஆகும் என்று மருத்துவர் சொல்ல மறுக்கிறார். நான் வற்புறுத்தவில்லை. அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது.

இன்று காலை கண் திறந்ததும் பலகையை வைத்தேன். மணியைத் தொடவில்லை. தண்ணீர் கேட்கவில்லை. ஐந்தையும் அழுத்தவில்லை, எனக்கு அதில் வருத்தமில்லை. நேராக மேலே போய் ஏழில் விரலை வைத்தார். ஒன்றும் ஒலிக்கவில்லை. கொஞ்ச நேரம் காத்திருந்தார், லிப்ட் வருவதற்குக் காத்திருப்பது போல. மறுபடி ஏழு. "வாலு வருவாங்க, வருவான்" என்று நானே சொல்லிப் பார்த்தேன். என் குரலைக் கேட்டதும் தலையைத் திருப்பிக்கொண்டார். இதை எழுதும்போதும் விரல் அங்கேதான் இருக்கிறது. மதியம் வரை எண்ணினேன், பிறகு எண்ண முடியவில்லை.

அவருக்கு உன்மேல் எதுவும் இல்லை. அவருக்குப் பதிவும் தெரியாது, கூட்டமும் தெரியாது. தெரிந்தால் என்னைத்தான் முதலில் கேட்பார். அவருக்குத் தெரிந்ததெல்லாம், இந்தப் பொத்தானை அழுத்தினால் நீ பேசுவாய் என்பதுதான்.

நேரில் வர முடியாவிட்டால் பரவாயில்லை. முகத்தைக் காட்ட முடியாவிட்டாலும் பரவாயில்லை. லிப்ட் மறுபடி நின்னுடுச்சா என்று அந்த ஒரு வரியை மட்டும் பேசி அனுப்பு. புதன்கிழமைக்குள் எனக்கு வர வேண்டும்.

சீக்கிரம் பதில் போடு.

அண்ணி